ஒன்பதாம் சாட்சி சொன்ன நேரம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். தேதியும் நேரமும் கட்டாயம் இருக்கும். எனக்கு அவமானமான விஷயங்களையும் எழுதுவேன். (உதாரணம்: நேற்று கணக்கில் பதினெட்டு மதிப்பெண். முப்பதுக்கு.)

நோட்டைக் கட்டிக் கொடுத்தவர் அப்பா. அவர் அச்சகத்தில் மெக்கானிக். பெரிய தாள்களை வெட்டும்போது ஓரத்தில் மிஞ்சும் துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, அடுக்கித் தைத்து, பச்சை அட்டை ஒட்டியிருக்கிறார். கோடு கிடையாது. "கோடு இருந்தா நீ அதுக்குள்ளயே அடங்கி எழுதுவே. சும்மா எழுது, ரிஜிஸ்டர்" என்றார். நான் எதையும் குறித்து வைப்பதால் அவர் எனக்கு வைத்த பெயர் அது.

காலை வழக்கம்போல. ஏழே முக்காலுக்கு அம்மா, "மணியைப் பாருங்க, மணியைப் பாருங்க" என்று விரட்டினாள். அப்பா பாதி முகத்தில் நுரையோடு, "பாத்துக்கிட்டுதான் இருக்கேன், அது பாட்டுக்கு ஓடுது" என்றார். தங்கை வாண்டுக்கு ஐந்து வயது. ஒரு காலுறையைத் தலையில் மாட்டிக்கொண்டு தொப்பி என்றாள். எட்டேகாலுக்குக் கிளம்பிப் பத்து நிமிடம் நடந்தோம். பள்ளிக் கதவு திறக்கவில்லை. எப்போதும் நாங்கள்தான் முதல்.

ஜூன் 10, செவ்வாய்

அப்பா சரியாக ஏழு மணிக்கு வந்தார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முகம் சரியில்லை. மத்தியானம் முதலாளியோடு வாக்குவாதமாம். தாள் வெட்டும் இயந்திரத்தில் கையைத் தடுக்கும் கம்பி உடைந்து ஒரு மாதமாகிறது. மாற்றாமலே ஓட்டச் சொல்கிறாராம். அப்பா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம்: "ஒரு நாள் உயிர் போகும், அப்பத் தெரியும் உங்களுக்கு."

"அவர்கிட்ட ஏன் வாயைக் குடுத்தீங்க?" என்றாள் அம்மா.

"நான் வாயைக் குடுக்கலன்னா எவனாவது கையைக் குடுத்துருவான்."

வாண்டு புரியாமலே சிரித்தாள்.

ஜூன் 11

முதலாளி இறந்துவிட்டார். நேற்று மாலை அச்சகத்தின் பின்பக்கப் படியிலிருந்து விழுந்து தலையில் அடி. விடியற்காலை ஆஸ்பத்திரியில் உயிர் போனது. காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அப்பாவை அழைத்துப் போனார்கள். "விசாரிச்சிட்டு அனுப்பிடுவோம்மா."

அவர் டிபன் பெட்டியைக்கூட எடுத்துப்போகவில்லை.

ஜூன் 12

அனுப்பவில்லை.

ஜூன் 13

பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு போலீஸ் அதிகாரி வீட்டுக்கு வந்தார். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குப் போயிருந்தாள். மாமாதான், அதாவது அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்தார். அதிகாரி தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை அப்பா எத்தனை மணிக்கு வந்தார், பாப்பா?" என்று கேட்டார்.

"ஏழு மணிக்கு."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"எழுதியே வச்சிருக்கேன் சார்." நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். அவர் அந்த வரியை விரலால் தொட்டுப் படித்தார். தன் தாளில் எழுதிக்கொண்டார். "நல்ல பொண்ணு" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. உள்ளதை எழுத வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

ஜூன் 14

இன்றுதான் முதன்முதலாக நீதிமன்றம் பார்த்தேன். மாஜிஸ்திரேட் நீதிமன்றம். புத்தகங்களில் படித்து நான் பெரிய மண்டபத்தை எதிர்பார்த்திருந்தேன். இது பேருந்து நிலையம் மாதிரி. பெஞ்சில் இடமில்லை. ஒருவர் கையில் கட்டோடு தூங்குகிறார், ஒரு குழந்தை வக்கீலின் கறுப்புக் கோட்டைப் பிடித்து இழுக்கிறது. பெயர் கூப்பிடுகிறார்கள், ஆள் ஓடுகிறார், தேதி சொல்கிறார்கள், ஆள் போகிறார்.

அப்பாவின் முறை இரண்டு நிமிடம்கூட இல்லை. அவரை எனக்கு மூன்று கை தூரத்தில் நிறுத்தினார்கள். தாடி வளர்ந்திருந்தது. "என்ன ரிஜிஸ்டர், ஸ்கூலுக்கு லீவா?" என்று கேட்டார். போலீஸ்காரர் முறைத்தார்.

பதினைந்து நாள் காவல். கொலை வழக்கு என்பதால் இந்த மாஜிஸ்திரேட் ஜாமீனும் தரமாட்டாராம், விசாரிக்கவும் மாட்டாராம். குற்றப்பத்திரிகை வந்ததும் தாள்களைச் சரிபார்த்து மேலே உள்ள விசாரணை நீதிமன்றத்துக்கு அனுப்புவாராம். அதுவரை பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தேதி.

"பின்ன எதுக்கு இவரு?" என்று மாமாவிடம் கேட்டேன்.

"தபால்காரர் மருமகளே. லெட்டரைப் பிரிக்கமாட்டார், கரெக்டா சேர்ப்பார்."

ஜூன் 24

இன்று பள்ளிக்குத் தாமதம். முதல் தடவை. வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 12

நான்கு மணி நேரம் காத்திருந்தோம். அப்பாவை அழைத்து வரவில்லை. வண்டி இல்லையாம். தேதி மட்டும் மாறியது.

செப்டம்பர் 20

சிறையில் மனு போட்டுப் பார்த்தோம். நடுவில் இரண்டு கம்பி வலை. ஒரே சமயத்தில் முப்பது பேர் கத்துகிறார்கள். அப்பா கத்தவில்லை, அதனால் பாதி கேட்கவில்லை. கேட்டது இதுதான்: "இங்க லைட்டை அணைக்கவே மாட்டாங்க. விடிய விடிய எரியுது. ராத்திரி எது, பகல் எதுன்னு தெரியல."

வாண்டு தன் கைக்குட்டையை வலை வழியாகத் தள்ளப் பார்த்தாள். கண்ணுக்குக் கட்டிக்கொள்ளவாம். போகவில்லை.

நவம்பர் 30

வழக்கை மேலே அனுப்பிவிட்டார்கள். இலவசச் சட்ட உதவியில் அப்பாவுக்கு ஒரு வக்கீல் கிடைத்திருக்கிறார். எப்போதும் செல்போனில் யாருக்கோ "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார்.

மார்ச் 4

சம்மன் வந்தது. என் பெயரில். தபால்காரர் என்னிடமே கையெழுத்து வாங்கினார். நான் அரசுத் தரப்பு சாட்சி எண் ஒன்பது.

அம்மா வக்கீலிடம் ஓடினாள். "சின்னப் பொண்ணு, ரெண்டு கேள்விதான் கேப்பாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லுங்க. கதை சொல்ல வேணாம்" என்றாராம்.

மார்ச் 17

மறப்பதற்கு முன் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

விசாரணை நீதிமன்றம் வேறு மாதிரி. மேலே உயரமான மேசை, அமைதி, மின்விசிறிச் சத்தம். ஒரு சாட்சி பேசும்போது மற்ற சாட்சிகள் உள்ளே இருக்கக்கூடாது. அதனால் அம்மாவும் நானும் வெளி நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அதே பெஞ்சின் மறுமுனையில் முதலாளியின் மனைவி. முன்பு அச்சகத்துக்குப் போனால் எனக்கு வண்ணத்தாள் எடுத்துக் கொடுப்பார். இன்று என்னைப் பார்க்காமல், "பரீட்சை முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார். நான் இன்னும் இல்லை என்றேன். மெலிந்துபோயிருக்கிறார்.

என்னைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினால் அதன் விளிம்பு என் கழுத்துவரை வருகிறது. நீதிபதி, "பொய் சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா?" என்று கேட்டார். "தப்பு சார்" என்றேன். "அப்ப உண்மைதான் சொல்வியா?" "நான் எப்பவும் உண்மைதான் சார் சொல்வேன்." சிலர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவர் கடைசியில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்றார். அவருக்கு அங்கே பெயர் எதிரி. எதிரி, எதிரி என்றே சொல்கிறார்கள்.

அரசு வக்கீல்: "சம்பவத்தன்று அப்பா வீட்டுக்கு எப்ப வந்தார்?"

"ஏழு மணிக்கு."

"எப்படித் தெரியும்?"

"வீட்டுக் கடிகாரத்தைப் பாத்தேன். பாத்து எழுதினேன்."

நீதிபதி அதைத் தன் பாஷையில் திருப்பிச் சொன்னார், ஒருவர் தட்டச்சு செய்தார். நான் சொன்ன நாலு வார்த்தை தாளில் நாலு வரியாக வந்தது. அப்புறம் எங்கள் வக்கீலைப் பார்த்து, "குறுக்கு விசாரணை?" என்றார்.

எங்கள் வக்கீல் பாதி எழுந்து, "கேள்வி இல்லை" என்றார்.

ஒரு தடவைகூடத் திக்காமல் பதில் சொன்னேன். வெளியே வந்ததும் முதலாளியின் மனைவி என் தலையில் கை வைத்து, "உண்மையைச் சொன்னியேம்மா, நல்லா இருப்பே" என்றார். அவர் கண்ணில் நீர்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஏழு மணின்னு சொன்னேன்மா. திக்கவே இல்ல."

அவள் கை நின்றது.

"எந்த ஏழு?"

"என்னம்மா?"

"எந்த ஏழுடி? வீட்டு ஏழா, ஊர் ஏழா?"

மார்ச் 18

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன். எழுதத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டுக் கடிகாரம் இருபத்தைந்து நிமிடம் முன்னால் ஓடும். ஓடியது. அப்பா எங்கே போனாலும் தாமதம் என்பதால், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா அதை அப்படித்தான் வைத்திருந்தாள். வீட்டுக்குள் எல்லாரும் அந்த மணியையே சொல்வோம். வெளியே கிளம்பும்போது மட்டும் மனம் தானாகக் கழித்துக்கொள்ளும். அது தப்பான மணி என்று யாரும் நினைத்ததே இல்லை. வீட்டு மணி. அவ்வளவுதான்.

நான் நோட்டில் எழுதியதும் வீட்டு மணி.

பக்கத்து ஆலையில் ஆறரைச் சங்கு ஊதும்போதே முதலாளி விழுந்த சத்தம் கேட்டது என்று அச்சகத்தின் பின்பக்கத்துக்கு எதிரே உள்ள டீக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நீலச் சட்டை போட்ட ஒருவர் பின்படியில் இறங்கியதையும் பார்த்தாராம். அச்சகத்தில் எல்லாருக்கும் நீலச் சட்டைதான். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு சைக்கிளில் இருபது நிமிடம். ஏழுக்கு வந்திருந்தால், அப்பா ஆறரைக்கு அங்கே இருந்திருக்கலாம். ஆறு முப்பத்தைந்துக்கு வந்திருந்தால் முடியாது. முடியவே முடியாது. ஆறேகாலுக்கே கிளம்பிவிட்டேன் என்று அப்பா முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஏழு கழித்தல் இருபத்தைந்து. இந்தக் கழித்தலை நான் செய்யவில்லை. போலீஸ் அதிகாரி வந்தபோதும் செய்யவில்லை, ஒன்பது மாதம் கழித்துக் கூண்டில் நின்றபோதும் செய்யவில்லை. ஏன்? ஏன் செய்யவில்லை? பள்ளிக்குப் போக மட்டும் தினமும் செய்தேனே!

நான் போலீஸிடம் சொன்ன வாக்குமூலத்தின் நகல் வக்கீலின் வழக்குக் கட்டுக்குள் அத்தனை நாளும் இருந்திருக்கிறது. யாரும் எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. மாமா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "நானும் பக்கத்துலதானே நின்னேன். எனக்கும் உறைக்கலையே" என்றார்.

மார்ச் 21

வக்கீலிடம் போய் அழுதோம். என்னை மறுபடி கூப்பிடச் சொல்லி மனு போட்டார்.

மார்ச் 26

மனு தள்ளுபடி. எங்கள் தரப்பு விட்ட ஓட்டையை அடைப்பதற்காகச் சாட்சியைத் திரும்ப அழைக்க முடியாதாம்.

ஏப்ரல் 2

அம்மா எங்கள் தரப்பில் சாட்சி சொன்னாள். நான் சொல்லி முடித்துவிட்டதால் இப்போது உள்ளே உட்கார விட்டார்கள். கடிகாரம் முன்னால் ஓடியதை அம்மா சொன்னாள். அரசு வக்கீல் நிதானமாகக் கேட்டார்.

"இப்ப எப்படி ஓடுதும்மா?"

"இப்ப சரியா ஓடுது."

"யார் சரி பண்ணது?"

"நான்தான். அவரைக் கூட்டிட்டுப் போன ரெண்டாம் வாரம்."

"ஏன்?"

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இனிமே யாரை விரட்டறது?" என்றாள்.

அவர் நீதிபதியைப் பார்த்து, "வேறு கேள்வி இல்லை" என்றார்.

நான் பள்ளிக்குத் தாமதமாகப் போன நாள் அதுதான். இந்த நோட்டிலேயே இருக்கிறது. ஜூன் 24. ஒரு வரி. காரணம் எழுதாமல் விட்டிருக்கிறேன்: சரியாகிவிட்ட கடிகாரத்திலும் பழக்கத்தில் இருபத்தைந்தைக் கழித்துக்கொண்டு கிளம்பினேன்.

ஏப்ரல் 19

ஆயுள் தண்டனை.

ஏப்ரல் 22

தீர்ப்பின் நகல் கிடைத்தது. நாற்பத்தியொரு பக்கம். இருபத்தெட்டாம் பக்கத்தை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"சாட்சி எண் 9 எதிரியின் சொந்த மகள். தன் தந்தைக்கு எதிராகப் பொய் சொல்ல அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்து அன்றே எழுதி வைத்திருக்கிறார். அவருடைய சாட்சியம் இயல்பானது, முழுமையாக நம்பத்தக்கது." அதற்குக் கீழே: "கடிகாரம் வேகமாக ஓடியது என்று எதிரியின் மனைவி கூறுவது கணவரைக் காப்பாற்றப் பின்னால் யோசித்துச் சொன்னது."

வெட்டும் இயந்திரத்தைப் பற்றி அப்பா சொன்னது முப்பத்தியோராம் பக்கத்தில் கொலை மிரட்டலாக இருக்கிறது.

மே 10

அப்பாவிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. கடிதம் எழுதினேன். ஆறு பக்கம்.

மே 29

பதில் வந்தது. சிறை முத்திரை குத்திய அட்டை. "ரிஜிஸ்டர், கடிகாரத்துல ஏழுதானே இருந்தது? அப்ப நீ எழுதினது சரி. சாப்பிடாம இருக்கேன்னு அம்மா சொல்றா. சாப்பிடு. வாண்டு மணி பாக்கக் கத்துக்கிட்டாளா?"

ஜூன் 16

பத்தாம் வகுப்பு. மேல்முறையீட்டுக்கு வேறு வக்கீல். சட்ட உதவி மையத்தில் கிடைத்தவர், பெண். அவர் அறையில் நாற்காலிகள் மீதெல்லாம் வழக்குக் கட்டுகள், அதனால் வருபவர்கள் நிற்கிறார்கள். எங்களுக்காக ஒரு நாற்காலியைக் காலி செய்தார். தீர்ப்பை எங்கள் முன்னாலேயே முழுதும் படித்தார். ஒன்றரை மணி நேரம். யாரும் இதுவரை அப்படிப் படிக்கவில்லை.

"மேடம், என்னை அங்க கூப்பிடுவாங்களா? நான் சரியாச் சொல்லிடறேன்" என்றேன்.

"அங்க சாட்சியே கிடையாதும்மா. கீழ எழுதினதை எடுத்து வச்சுக்கிட்டு, சரியா தப்பான்னு பார்ப்பாங்க. மேல போகப் போகக் காது கேக்காது. கண்ணு மட்டும்தான்."

"எழுதினதே தப்பா இருந்தா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புது ஆதாரத்தைச் சேர்க்கக் கேக்கலாம். ரொம்ப அபூர்வமாத்தான் சம்மதிப்பாங்க. சம்பவத்துக்கு முன்னாடி, உங்க வீட்டு ஆள் இல்லாத ஒருத்தர் கைபட்ட காகிதம் வேணும். அந்தக் கடிகாரத்தைப் பத்தி எங்கயாவது எழுதியிருக்கியா?"

இந்த நோட்டில் இல்லை. எல்லாவற்றையும் எழுதுவேன் என்று தொடங்கிய நோட்டில் அது மட்டும் இல்லை.

செப்டம்பர் 8

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

எட்டாம் வகுப்பில் 'எங்கள் வீடு' என்று ஒரு கட்டுரை எழுதினேன். நேற்று குளிக்கும்போது திடீரென்று ஞாபகம் வந்தது. தமிழ் ஆசிரியை நல்ல கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொள்வார். அவர் அலமாரியைக் கவிழ்த்துத் தேடினோம். இருந்தது. "எங்கள் வீட்டுக் கடிகாரம் ஊரைவிட இருபத்தைந்து நிமிடம் முந்தியது. அது அம்மாவின் ஏற்பாடு. அதனால் எங்கள் வீட்டில் எல்லாம் சீக்கிரம் நடக்கும், அப்பா மட்டும் சரியான நேரத்தில் நடப்பார்." ஓரத்தில் சிவப்பு மையில்: 'ரசித்தேன்.' கையெழுத்து. தேதி. சம்பவத்துக்கு ஐந்து மாதம் முன்னால்.

ஆசிரியை அதை மடிக்காமல் ஓர் உறைக்குள் வைத்துக் கொடுத்தார். "எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்டா" என்றார்.

செப்டம்பர் 30

மனுவோடு கட்டுரையையும் சேர்த்துத் தாக்கல் செய்தாயிற்று. வழக்குக்கு ஓர் எண் கிடைத்தது. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் இருக்கிறதாம்.

ஜனவரி 1

எதுவும் இல்லை.

ஜூன் 10

ஏழு மணிக்கு என்னால் கடிகாரத்தைப் பார்க்க முடியவில்லை. வாண்டு பார்த்துச் சொன்னாள். அவள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

டிசம்பர் 14

பதினொன்றாம் வகுப்பு அரையாண்டு முடிந்தது. அப்பா இளைத்துவிட்டார். கண்ணைச் சுற்றிக் கறுப்பு. "தூங்கினேன்னு நெனைச்சுக்கறேன், அவ்வளவுதான்" என்றார். சிறையில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறாராம். "இங்க எல்லா மெஷினுக்கும் தடுப்புக் கம்பி போட்டுட்டேன்" என்று சிரித்தார்.

மாமா வெளியே வந்ததும், "இந்த மனுஷன் உள்ள போயும் திருந்தலையே" என்றார். அப்புறம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

பிப்ரவரி 11

மேல்முறையீடு இன்று உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகிறது அப்பா போய்.

பெரிய கட்டடம். தரை முகம் தெரிகிற மாதிரி பளபளக்கிறது. நூலகம் போல அமைதி. இரண்டு நீதிபதிகள். இங்கே கூண்டு இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். கூண்டே இல்லை. அப்பாவையும் அழைத்து வரவில்லை. தேவையில்லையாம். கீழே முதல் நீதிமன்றத்தில் அப்பா மூன்று கை தூரத்தில் இருந்தார். அடுத்ததில் கம்பிக்குப் பின்னால். இங்கே அவர் ஒரு கட்டுத் தாள்.

எங்கள் மேடம் நன்றாகப் பேசினார். கட்டுரையைப் படித்தபோது மூத்த நீதிபதியின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. அவரும் ரசித்தார் என்று நினைக்கிறேன். அப்புறம் கேட்டார்: "ஜனவரியில் கடிகாரம் முன்னால் ஓடியிருக்கலாம். ஜூன் பத்தாம் தேதி ஓடியது என்று இந்தத் தாள் சொல்கிறதா?"

மேடம் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

சொல்கிறது! நான் சொல்கிறேன்! நான் இங்கேயே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்! எழுந்தே விட்டேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். நீதிபதிகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் சாட்சி எண் ஒன்பதின் வாக்குமூலத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்பது நிமிடம். தீர்ப்பு ஒத்திவைப்பு.

ஜூலை 3

இன்னும் இல்லை.

ஆகஸ்ட் 18

தீர்ப்பு.

மேடம் வெளியே வந்து முதலில் அம்மாவின் கையைப் பிடித்தார். "வந்துடுவார்" என்றார். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம்தான் மீதியைச் சொன்னார். இது கொலை அல்ல என்கிறது தீர்ப்பு. திட்டமிடவில்லை, ஆயுதம் இல்லை. கோபத்தில் தள்ளியதில் நேர்ந்த மரணம். ஆகவே ஆயுள் தண்டனை ரத்து. ஏற்கெனவே சிறையில் கழித்த காலமே போதும்.

"ஆனா தள்ளினார்னு சொல்றாங்களே" என்றேன்.

"ஆமா."

"கட்டுரை?"

"ஏத்துக்கல. முன்னாடியே குடுத்திருக்கணும்னுட்டாங்க. குடுத்திருந்தாலும் அந்தத் தேதியை அது நிரூபிக்காதாம்."

"என்னைப் பத்தி என்ன எழுதியிருக்காங்க?"

அவர் சொல்லத் தயங்கினார். நானே வாங்கிப் படித்தேன். பதினேழாம் பக்கம். "சாட்சி எண் 9-இன் சாட்சியத்தை நம்பிய கீழமை நீதிமன்றத்தின் முடிவில் தலையிட எந்தக் காரணமும் இல்லை."

இங்கேயும் என்னை நம்பிவிட்டார்கள்.

மாமா எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார். "வர்றார்ல? அது போதும். இப்ப போய்த் தாளைப் புரட்டாதே மருமகளே" என்றார். நான் டீயைக் குடிக்கவில்லை. அப்புறம் குடித்தேன்.

ஆகஸ்ட் 21

அப்பா இன்று வீட்டுக்கு வந்தார். சிறைக் கதவிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை மிக மெதுவாக நடந்தார். சாலையைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொண்டார். முன்பெல்லாம் நான் அவர் கையைப் பிடிப்பேன்.

எட்டு வயது வாண்டு முதலில் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அப்புறம் தூரத்தில் நின்று, "மணி என்னன்னு கேளுங்க" என்றாள். கேட்டார். "நாலு பத்து" என்றாள். "அடேயப்பா" என்றார் அப்பா. மறுபடியும் மணி கேட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் நான் ஆரம்பித்தேன். இதற்கும் மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது. அனுமதி கேட்க வேண்டும், தரலாம், தராமலும் போகலாம். தொண்ணூறு நாள் இருக்கிறது. மேடம் எழுதித் தருவார். நீங்கள் செய்யவில்லை என்று ஒரு தாளாவது சொல்ல வேண்டாமா?

"வேண்டாம்மா."

"ஏம்ப்பா? தப்பு பண்ணதா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்பா!"

"அவங்க படிக்கட்டும், படிக்காம போகட்டும். இன்னொரு தேதிக்காக இனிமே என்னால காத்துக்கிட்டு இருக்க முடியாது, ரிஜிஸ்டர்."

நான் அழுதுவிட்டேன். இரண்டரை வருடமாகச் சொல்லாததை அப்போதுதான் வாயால் சொன்னேன். "நான்தாம்பா. என்னாலதாம்பா. அந்த இருபத்தஞ்சைக் கழிச்சுச் சொல்லியிருந்தா—"

"நான் தள்ளலன்னு உனக்குத் தெரியும்ல?"

தலையாட்டினேன்.

"அதை அந்தப் பச்சை நோட்டுல எழுதியிருக்கியா?"

எழுதியிருக்கிறேனா? யோசித்தேன். இல்லை. கணக்குகளை எழுதியிருக்கிறேன், பக்க எண்களை எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரியை எழுதவே இல்லை. எங்களுக்குத் தெரிந்ததுதானே என்று விட்டிருக்கிறேன். கடிகாரத்தை விட்ட மாதிரியே.

இதோ எழுதுகிறேன். என் அப்பா யாரையும் தள்ளவில்லை. அன்று அவர் ஆறு முப்பத்தைந்துக்கு வீட்டில் இருந்தார்.

நான் எழுதும்வரை அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். "சரி, ஒரு எடத்துலயாவது இருக்கட்டும்" என்றார்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கடிகாரத்தைக் கழற்றி, பின்பக்கச் சக்கரத்தைத் திருகி, முள்ளை முன்னால் தள்ளினார். அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். "என்ன பண்றீங்க?"

"திங்கக்கிழமை வேலை தேடிப் போகணும். நீ விரட்டலைன்னா நான் எங்க கிளம்பறது?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுதமாட்டேன்.

இப்போது எல்லாரும் படுத்தாயிற்று. அப்பா மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு விளக்கையே பார்க்கிறார். வாண்டு தன் கைக்குட்டையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

"எழுதி முடிச்சிட்டியா, ரிஜிஸ்டர்?"

"ஒரே ஒரு வரிப்பா."

"முடிச்சிட்டு லைட்டை அணைச்சிடும்மா. இருட்டு எப்படி இருக்கும்னு பாக்கணும்."

வீட்டுக் கடிகாரத்தில் எட்டு இருபத்தைந்து. ஊரில் எட்டு மணி.

இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன், கோணலாக இருக்கும். விளக்கை அணைத்தாயிற்று.